எட்டாம் குழிக்கு மேலே நின்ற பந்துகள்

பனிமுக்கு கோல்ஃப் கிளப்பில் அருளாயி பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் நாள் காலையில், ஓய்வுபெற்ற கருவூல அதிகாரி மங்கையர்க்கரசி அடித்த பந்து மேலே போய், தைலமரங்களின் உச்சிக்கும் கொஞ்சம் மேலே நின்றுகொண்டு, கீழே இறங்க மாட்டேன் என்றுவிட்டது. மங்கையர்க்கரசி நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார், அருளாயியும் பார்த்தாள், ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாடுகூடத் தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் புல்லில் வாயை வைத்தது. "எங்க போயிரப் போகுது, இறங்கும்" என்றார் மங்கையர்க்கரசி. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கருவூலத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தாமதம் ஒன்றும் புதிதில்லை. இன்னொரு பந்தை எடுத்து வைத்து அடித்தார், அதுவும் போய் முதல் பந்துக்குப் பக்கத்தில் நின்றது.

அருளாயிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷம் அந்த மைதானத்தில் கேடியாக அடுத்தவர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து நடந்தவள். பஸ்ஸை விட்டு ஒருவர் இறங்கி நடந்து வருவதைப் பார்த்தே, இவர் மட்டையைப் பிடித்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. ஆனால் சொல்ல மாட்டாள். கேடிகளுக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பையைச் சுமக்கிறவர் மட்டையைச் சுழற்றுகிறவரின் குறையைச் சொல்லக் கூடாது. பந்து காட்டுக்குள் போனாலும், குளத்தில் விழுந்தாலும், அடித்தவரின் காலுக்கடியிலேயே கிடந்தாலும், கேடி உடனே வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, "காத்து சார்" என்று சொல்ல வேண்டும். பனிமுக்கில் அறுபது வருஷமாகக் காற்றுதான் எல்லோருடைய பந்தையும் கெடுத்துக்கொண்டிருந்தது. பழைய பயிற்சியாளர் மகனோடு இருக்க ஊட்டிப் பக்கம் போய்விட, மூன்று மாதம் பார்ப்போம் என்று கமிட்டி அருளாயியை அந்த இடத்தில் வைத்தது. பையைக் கீழே வைத்தாளே தவிர, பழக்கத்தைக் கீழே வைக்கவில்லை. மங்கையர்க்கரசி அடித்த மறுநொடியே அவள் வாய் தானாக "காத்து மேடம்" என்றது, அந்த வார்த்தை வெளியே வந்ததும் பந்து நின்றது.

முதல் வாரம் ஏழு பந்துகள் மேலே நின்றன, அடுத்த வாரம் பத்தொன்பது, மாசக் கடைசியில் நாற்பத்து மூன்று. பனிமுக்கு ஜனங்கள் இதற்கெல்லாம் அசந்துபோகிறவர்கள் இல்லை. வருஷத்தில் எட்டு மாதம் எதிர்வீடே மஞ்சில் காணாமல் போய்த் திரும்பி வருகிற ஊரில், நாலு பந்து இறங்கவில்லை என்றால் என்ன குடி முழுகிவிடும்? பூண்டுக் காட்டுக்குப் போகிற பெண்கள், பந்துகளின் அடியில் பனி சொட்டுகிறதா என்று பார்த்து அன்றைக்குப் பூண்டைக் காய வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். மினி பஸ் கண்டக்டர் கிளப் வாசலை "பந்து ஸ்டாப்" என்று கூவ ஆரம்பித்தார், ஒரு மாதத்தில் டிக்கெட்டிலும் அப்படியே அடித்துவிட்டார்கள். கிளப்காரர்கள் வனத்துறைக்கு எழுதினார்கள், தரையில் முளைத்தது மட்டுமே எங்கள் பொறுப்பு என்று பதில் வந்தது. பஞ்சாயத்துக்கு எழுதினார்கள், எங்கள் எல்லை மரத்தின் உயரம் வரைதான் என்று பதில் வந்தது. மாதா கோயில் சப்பரம் அந்த வழியாக வந்தபோது, சிலுவை, ரோட்டுக்கு மேலே தாழ்வாக நின்ற ஒரு பந்தில் இடிக்காமல் இருக்க நாலு பேர் சப்பரத்தைத் தாழ்த்திப் பிடித்துக் கடந்தார்கள். அடுத்த வருஷமும் அந்த இடத்தில் தாழ்த்த வேண்டும் என்று அப்போதே பேசி முடித்துவிட்டார்கள். எந்தப் பந்து யாருடையது என்பதும் ஊருக்குத் தெரிந்துபோனது. வீட்டில் சண்டை வந்தால், "முதல்ல போய் உங்க பந்தை இறக்கிட்டு வாங்க, அப்புறம் எனக்குப் புத்தி சொல்லலாம்" என்று மனைவிமார்கள் மடக்கினார்கள்.

பந்து எதற்காக நிற்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. லாட்ஜ் நடத்துகிற அபுதாகிர் மட்டும் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"கேடி சொன்னா அது ஆறுதல். காத்து கண்டுக்காது. மாஸ்டர் சொன்னா அது பாடமுல்ல? பொய்ப்பாடத்துக்குச் சாட்சியா என்னைய இழுக்காதீகன்னு காத்து நிக்கிதும்மா."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அருளாயி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், பயிற்சித் திடலில் தனியாக நின்றுகொண்டிருந்த மங்கையர்க்கரசியின் பக்கத்தில் நின்றாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் சொன்னாள்.

"மேடம், காத்து இல்ல. பந்து போறதுக்கு முன்னாடியே எங்க போச்சுன்னு பாக்கத் தலையத் தூக்கிர்றீங்க."

மங்கையர்க்கரசி மட்டையைக் கீழே இறக்கினார். பிறகு, "ஆபீஸ்லயும் அப்படித்தான். ஃபைலை அனுப்பிட்டு அது எந்த டேபிள்ல கிடக்குன்னு பின்னாடியே போய்ப் பார்ப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய ஒன்பது பந்துகளும் மரத்திலிருந்து பேரிக்காய் உதிர்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லில் விழுந்தன.

அன்றிலிருந்து வானத்தில் நிற்கிற பந்துகள்தான் அருளாயிக்குப் பரீட்சை வைத்தன, அதைப்போலக் கறாரான பரீட்சையை எந்தப் பல்கலைக்கழகமும் வைத்திருக்காது. அபுதாகிரிடம் உற்சாகமாகப் போய், பாய், பிடி தப்பு, முட்டி மடங்குது, இடுப்பு திரும்பல, மூச்சைப் பிடிக்கிறீங்க, கண்ணை மூடுறீங்க என்று ஐந்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவருடைய பந்து லேசாக ஆடிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது, அபுதாகிர் மட்டையைப் பிடிப்பதையே மறந்து மலங்க மலங்க விழித்தார். மறுநாள் மற்ற நாலையும் விழுங்கிவிட்டு, "பாய், கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. கோழிக்குஞ்சைப் பிடிங்க" என்று அது ஒன்றை மட்டும் சொன்னாள், பந்து இறங்கியது. இன்னொருவருக்கு நாலு பேர் முன்னால் சொன்னாள், சொன்னது உண்மைதான் என்றாலும் பந்து இறங்குவதற்குப் பதில் இன்னும் பத்தடி மேலே போய்விட்டது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தது. இடுப்புவலிக்காரருக்கு முறுக்கிச் சுழற்றச் சொல்லக் கூடாது, உயரம் குறைந்தவருக்கு உயரமானவரின் பாடம் ஆகாது, தானே மட்டையை வாங்கி அழகாக அடித்துக் காட்டினால் பார்க்கிறவருக்குக் கைதட்டத்தான் தோன்றுமே தவிரக் கற்றுக்கொள்ளத் தோன்றாது. சில பேரிடம் ஒன்றுமே சொல்லாமல் மூன்று நாள் பக்கத்தில் நின்றாலே போதும், நாலாம் நாள் அவர்களே சொல்லிவிடுவார்கள். இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இறங்கிய பந்துகளும் இறங்காத பந்துகளும்தான். இரண்டரை மாதத்தில் பனிமுக்கின் வானம் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது, கண்டக்டருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

காலியாகாதது எட்டாம் குழிக்கு மேலே இருந்த பதினோரு பந்துகள். அவை கிளப் தலைவர் டாக்டர் சவரிராயனுடையவை. அவர் பல் டாக்டர். தன் பந்து ஒவ்வொன்றிலும் நீல மையால் சின்னதாக ஒரு கடைவாய்ப்பல் வரைந்து வைப்பார், அதனால் அவற்றைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. அவர் பயிற்சிக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் எட்டாம் குழிக்கு வந்து, இல்லாத புயலை எதிர்த்து நிற்கிறவரைப்போல உடம்பைப் பின்னால் சாய்த்து, வலது தோளை இறக்கி, ஒரு அடி அடிப்பார். பந்து இடப்பக்கமாக வளைந்து போய் மேலே நிற்கும். "காத்து" என்று தானே சொல்லிக்கொண்டு போய்விடுவார்.

மே மாதக் கோப்பைப் போட்டிக்கு வெளியூர் கிளப்காரர்கள் வருவார்கள். தலைவரின் பந்தே தலைக்குமேல் தொங்கினால் என்ன மரியாதை? போட்டிக்குள் வானம் சுத்தமாக வேண்டும், இல்லையென்றால் பெங்களூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்துவிடலாம், அருளாயி பழையபடி பையைத் தூக்கட்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அருளாயிக்கு இது பெரிய இடி. கௌரவத்துக்காக இல்லை. இருபத்திரண்டு வருஷம் கண்ணால் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு, பார்த்ததைச் சொல்லலாம் என்று இப்போதுதான் ஒரு இடம் கிடைத்திருந்தது. மறுபடியும் வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்ட அவளால் முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், டாக்டரின் குறை எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், அதே கோப்பைப் போட்டி, அதே எட்டாம் குழி. டாக்டர் அப்போது இந்த மலையிலேயே ஜெயிக்க முடியாத ஆட்டக்காரர், அவருடைய பையைச் சுமந்தவள் அருளாயி. குளத்துக்கு முன்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்கள் உண்டு. கிட்டத்து மரத்திலிருந்து, மறுகரையில் குழிக்குள் நட்டிருக்கிற கொடிக்கு நூற்று நாற்பது கெஜம், தூரத்து மரத்திலிருந்து நூற்று அறுபது. அன்றைக்கு மஞ்சு கனமாக இறங்கியிருந்தது. டாக்டரின் பந்து ஒரு மரத்தடியில் கிடந்தது, அருளாயி அதைக் கிட்டத்து மரம் என்று எடுத்துக்கொண்டு, நடந்து எண்ணிப் பார்க்காமல், "நூத்தி நாப்பது டாக்டரய்யா" என்று ஏழாம் நம்பர் மட்டையைக் கொடுத்தாள். அவர் அடித்தார். அந்த அடியின் சத்தம் அவளுக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. பந்து மஞ்சுக்குள் போனது, குளத்தில் விழுந்த சத்தமும் கேட்கவில்லை, மறுகரையில் யாருக்கும் கிடைக்கவும் இல்லை. மஞ்சு விலகியபோதுதான் தாங்கள் நிற்பது தூரத்து மரத்தடி, இன்னும் தூரம் அடிக்கிற ஐந்தாம் நம்பர் மட்டை கொடுத்திருக்க வேண்டும் என்று அருளாயி கண்டாள். டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, "என்னாச்சு அருளாயி?" என்றார். அவள் வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, "எதிர்க்காத்து டாக்டரய்யா" என்றாள்.

ஒரு அடியில் கோப்பை போனது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து டாக்டர் அந்தக் காற்றோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்தார். அது எங்கே வீசப்போகிறதோ என்று முன்கூட்டியே சாய்ந்து, தோளை இறக்கி, கிளினிக்கில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் கண்ணாடி முன் நின்று பழகி, தோள்வலிக்கு எண்ணெய் தேய்த்து, பதினாறு வருஷத்தில் இந்த மலையின் மிக அழகான வீச்சை இந்த மலையின் மிகக் கோணலான வீச்சாக மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அருளாயி அதைப் பார்த்தாள். உங்கள் தோள் சாய்கிறது என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள்தான். "காத்துக்குச் சாயாம என்ன செய்யச் சொல்ற?" என்றார் அவர். ஒரு பந்துகூட அசையவில்லை. பாதி உண்மைக்குப் பந்து இறங்காது என்பதை அவள் அதற்குள் படித்திருந்தாள்.

போட்டிக்கு முந்தைய நாள் காலையில், டாக்டர் தனியாக எட்டாம் குழிக்கு வந்தபோது, அருளாயி தூரத்து மரத்தடியில் காத்திருந்தாள்.

"டாக்டரய்யா, இங்க இருந்து கொடிக்கு நடந்து எண்ணிப் பாத்தேன். நூத்தி அறுபது."

"தெரியுமே. அதுக்கென்ன?"

"அன்னிக்கு நான் நூத்தி நாப்பதுன்னு சொன்னேன்."

டாக்டருக்கு உடனே புரியவில்லை. எந்த அன்றைக்கு என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். அருளாயியின் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் வராத வார்த்தைகள் வரிசையாக வந்தன.

"காத்து அடிக்கலய்யா. அன்னிக்கு ஒரு இலை அசையல. மஞ்சுல மரத்தை மாத்தி எண்ணிட்டேன். அஞ்சாம் நம்பர் குடுக்க வேண்டிய இடத்துல ஏழாம் நம்பரைக் குடுத்தேன். தெரிஞ்ச பிறகும் காத்து மேல போட்டேன். நீங்க இல்லாத காத்துக்குத்தான் இத்தன வருஷம் சாஞ்சுக்கிட்டு இருக்கீங்க."

டாக்டர் கையிலிருந்த மட்டையைத் தரையில் ஊன்றினார். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. திட்டப்போகிறார், இன்றைக்கே போ என்று சொல்லப்போகிறார் என்று அருளாயி நினைத்தாள், சொன்னால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தாள். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் அன்னிக்கு அடிச்சது?"

அவர் குரல், ஊசிக்குப் பயந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அவருடைய நோயாளியின் குரல் மாதிரி இருந்தது.

"அதைப்போல ஒரு அடியை இந்த மைதானத்துல நான் பாத்ததில்லய்யா. அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. அதுல ஒரு குறையும் கிடையாது. மட்டைதான் தப்பு, குடுத்தது நான்."

மேலே சலசலவென்று ஒரு சத்தம். டாக்டர் அனிச்சையாகப் பையிலிருந்து குடையை உருவி விரித்து, தன் தலைக்கும் அருளாயி தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். பதினோரு பந்துகளும் குடையின் மேலும் புல்லின் மேலும் படபடவென்று விழுந்தன, நீலக் கடைவாய்ப்பற்கள் சுற்றிலும் உருண்டன. குடையை மடக்கப் போனவரின் கையை அருளாயி தொட்டு நிறுத்தினாள். இன்னொன்று வந்துகொண்டிருந்தது. மற்றவற்றைவிட வெகு உயரத்திலிருந்து, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்திலிருந்து, மழையிலும் வெயிலிலும் கிடந்து பழைய தந்தத்தின் நிறமாகிப்போன ஒரு பந்து, கொடிக்கு நேராக, கோடு போட்ட மாதிரி நேராக வந்து, கொடிக்குச் சரியாக இருபது கெஜம் முன்னால் குளத்தில் விழுந்தது. பதினாறு வருஷத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய அந்தச் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டார்கள்.

டாக்டர் தண்ணீரில் வட்டம் விரிந்து அடங்கும் வரை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார். அருளாயி புல்லில் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். வேலை போனது போலத்தான் என்று நினைத்தாள், ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறபோது ஒரு தடவைகூட அவள் வானத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் போட்டிக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் வானத்தைப் பார்த்து ஏமாந்தார்கள், ஒரு பந்துகூட இல்லை. தூரத்து மரத்தடிக்கு டாக்டரின் பந்து வந்து சேர்ந்தபோது, மங்கையர்க்கரசியும் அபுதாகிரும் கமிட்டிக்காரர்களும் விருந்தாளிகளும் சூழ்ந்து நின்றார்கள், அருளாயி கடைசியில் ஒதுங்கி நின்றாள். டாக்டர் யாரையும் கேட்காமல் மரத்தின் வேரை ஒரு முறை மிதித்துப் பார்த்து, ஐந்தாம் நம்பர் மட்டையை உருவினார். சாயவில்லை. நிமிர்ந்து நின்றார். பழைய வீச்சில் பாதி திரும்பி வந்திருந்தது, மீதிப் பாதி பழக்கத்தில் அவசரப்பட்டது. பந்து குளத்தைத் தாண்டி, கொடிக்கு வலப்பக்கம் போய் மணல் பள்ளத்தில் பொத்தென்று விழுந்தது.

கூட்டம் உச்சுக்கொட்டியது. வெளியூர் விருந்தாளி ஒருவர் மரியாதைக்காக வானத்தைப் பார்த்து, "காத்து சார்" என்றார். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் அனிச்சையாக மேலே பார்த்தார்கள்.

"காத்து இல்ல" என்றார் டாக்டர் சவரிராயன், கடைசி வரிசை வரை கேட்கிற குரலில். "தோளை அவசரப்படுத்திட்டேன்." பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அவளைத் தேடினார். "என்ன மாஸ்டர், சரிதானா?"

கூட்டம் விலகி வழி விட்டது. அருளாயி அவருடைய பிடியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், சொல்வதற்கு நாலு விஷயம் இருந்தது.

"சரிதான் டாக்டர்" என்றாள். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துருங்க."